ஆலங்குளத்து வெயிலுக்கு எந்த ஆர்க்கிட்?

நகரத்து நர்சரிகளிலும் இணையக் கடைகளிலும் விற்கும் ஆர்க்கிட் செடிகளில் பெரும்பாலும் ஓர் அட்டை தொங்கும்: பராமரிப்பு குறைவு, புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது. அந்த அட்டையைச் சுமக்கும் செடி அநேகமாக ஃபெலனாப்சிஸாக இருக்கும். அகன்ற இதழ்களோடு விடுதி வரவேற்பறைகளில் வளைந்து நிற்குமே, அதுதான். அட்டை பொய் சொல்லவில்லை. ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் 20 முதல் 25 டிகிரி வரை வெப்பம் நிலவும் ஐரோப்பிய வீட்டுக்கு அது நிஜமாகவே எளிதான செடி. அதே செடியை ராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே ஆலங்குளத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்தால் கதை வேறு. ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விட வேண்டுமானால் சில வாரங்களாவது பகல் வெப்பம் ஏறக்குறைய 26 டிகிரிக்குள் அடங்க வேண்டும். 28-க்கு மேலேயே நின்றால் இலை விடும், பூ விடாது. ஆலங்குளத்தில் மார்கழி, தை மாதங்களில்கூடப் பகல் வெப்பம் பல நாள் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. வாங்கும்போது இருந்த பூ இரண்டு மாதம் நின்று உதிரும். அடுத்த பூ வராது. வளர்த்தவர் தனக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். அவர் கையில் ஒரு குறையும் இல்லை, செடியைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் குறை என்பதே இங்கே சொல்ல வருவது. எந்த ஆர்க்கிட் எளிது என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது.

ஊர் என்றால் இங்கே மூன்று விஷயங்கள். முதலாவது வெயில், சித்திரை, வைகாசியில் 38, 40 டிகிரி என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. இரண்டாவது காற்று. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை கேரளப் பக்கமே வாங்கிக்கொள்ள, இந்தப் பக்கம் இறங்குவது அம்மியையும் பறக்கவிடும் ஆடிக் காற்று. அதில் ஈரம் குறைவு. பக்கத்துச் சிவகாசியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவதும் இந்த வறட்சிதான்: மருந்து தோய்த்த குச்சி சீக்கிரம் காய வேண்டும். குச்சிக்கு வரமாக அமைந்த காற்று, காற்றின் ஈரத்தை நம்பி மரத்தில் தொற்றி வாழும் செடிக்குச் சாபம். மூன்றாவது தண்ணீர். ஆலங்குளத்தில் அரசின் டான்செம் சிமெண்ட் ஆலை அமைந்ததற்குக் காரணம் அந்த வட்டாரத்தின் சுண்ணாம்புக்கல். அப்படிப்பட்ட பூமியில் ஊறி வரும் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஆர்க்கிட் வேரிலும் அப்படியே படியும். இவற்றில் வெயிலை மாற்ற முடியாது; அதற்கு ஏற்ற செடியைத்தான் தேட வேண்டும். காற்றின் வறட்சியைக் கொஞ்சம் தணிக்கலாம். தண்ணீருக்கு மாற்று உண்டு. புதிதாக வளர்ப்பவர் யோசிக்க வேண்டிய வரிசையும் இதுதான்: முதலில் செடி, பிறகு இடம், பிறகு தண்ணீர். நடைமுறையில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பூவின் நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு உரத்தையும் மருந்தையும் தேடி அலைகிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கு இந்தப் பாடம் புதிதே அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான பருத்தி ரகங்கள் எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துகளோடு வெளிவந்தன. ஊரின் பெயரே ரகத்தின் பெயர். எளிதான பருத்தி எது என்று எந்தச் சம்சாரியும் கேட்பதில்லை. கரிசலுக்கு எது, செவலுக்கு எது, மானாவாரிக்கு எது, இறவைக்கு எது என்றுதான் கேட்பார். விதையில் இவ்வளவு கறாராக இருக்கும் ஊர், பூச்செடி விஷயத்தில் மட்டும் அட்டையை நம்பிவிடுகிறது. உலகில் 25,000-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட தொகுப்பின்படி நம் நாட்டில் மட்டும் 1,256. இமயத்தின் குளிரில் வளர்பவையும் அதில் உண்டு, சமவெளி மாமரத்தில் தொற்றி வெயில் காய்பவையும் உண்டு. இத்தனையையும் ஒரே பெயரில் அடக்கி, ஆர்க்கிட் வளர்ப்பது கடினம் என்றோ எளிது என்றோ பேசுவதில் பொருளே இல்லை.

ஆலங்குளத்தில் தொடங்குபவருக்கு முதல் செடி டெண்ட்ரோபியம் கலப்பினம். கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையும் கலந்து நீண்ட தண்டில் வரிசையாக இருக்கும் பூவை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் டெண்ட்ரோபியம் சோனியா என்ற ரகம். தாய்லாந்து அதைப் பெரிய அளவில் வளர்த்து ஏற்றுமதி செய்கிறது. கேரளத்திலும் நிழல்வலைக் கூடாரங்களில் வளர்க்கிறார்கள். வெப்பநாட்டுச் சமவெளி ஆர்க்கிட்களின் வழியில் வந்ததால் இந்த வகைக்குப் பூக்கக் குளிர் தேவையில்லை. அரை நிழலும் கொஞ்சம் ஈரமும் கிடைத்தால் நம் கோடையைத் தாக்குப்பிடிக்கும். அதன் தடித்த தண்டுகள் தண்ணீரையும் உணவையும் சேமித்து வைப்பதால், ஒரு நாள் மறந்தாலும் செடி மன்னித்துவிடும். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டைக் காய்ந்துவிட்டது என்று வெட்டுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. அந்தத் தண்டு பச்சையாக இருக்கும்வரை புதுத் தளிருக்குத் தீனி போடுகிறது. சில சமயம் அதன் நுனியிலிருந்தே மறுபடி பூவும் வரும். டெண்ட்ரோபியம் ஓராண்டு நன்றாக வந்த பிறகு வாண்டா கலப்பினங்களுக்குப் போகலாம். வாண்டாவுக்கு வெளிச்சமும் ஈரமும் இன்னும் கூடுதலாக வேண்டும். அதனால் அது இரண்டாம் படி.

வாண்டா என்ற பெயர் பிளஸ் ஒன் தாவரவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். தொற்று வேருக்கும் அதன் மேலுள்ள வெலாமன் திசுவுக்கும் பாடநூல் காட்டும் உதாரணம் அதுவே. தேர்வுக்கு மனப்பாடம் செய்த அந்தத் திசுதான் ஆர்க்கிட் வளர்ப்பின் பாதி ரகசியம். காய்ந்திருக்கும் ஆர்க்கிட் வேர் சாம்பல் பூசிய வெள்ளையாக இருக்கும். மேலே தண்ணீர் விழுந்த சில நொடிகளில் அந்த வெள்ளை கரைந்து, வேர் முழுதும் பச்சை ஏறும். வெலாமன் நீரை இழுத்து நிறைந்ததும் உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிவதால் வரும் மாற்றம் அது. வேர் மறுபடி வெளுக்கும்போது அடுத்த தண்ணீர் விட்டால் போதும். இதைவிட நம்பகமான கடிகாரம் ஆர்க்கிட்டுக்குக் கிடையாது. நாள்தோறும் காலை, மாலை தவறாமல் ஊற்று என்ற அறிவுரையால் செத்த ஆர்க்கிட்களே அதிகம். எப்போதும் நனைந்திருக்கும் வேருக்குக் காற்று கிடைக்காது. அழுகிப் பழுப்பேறி, விரலால் நசுக்கினால் தோல் தனியாகக் கழன்று வரும். மண் நிறைந்த தொட்டியில் ஆர்க்கிட்டை நடக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

மண் வேண்டாம் என்றால் வேறு எதில் நடுவது? இதற்கு வெளியூர்ப் பைகளை நம்பியிருக்கத் தேவையில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்லை. உரித்த மட்டையைச் சிறு துண்டாக நறுக்கி, பல தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் காயப்போட்டால் அதன் உப்பும் துவர்ப்பும் போய்விடும். சீமைக் கருவேலத்தைக் கரிமூட்டம் போட்டு எடுக்கும் அடுப்புக்கரி இந்தச் சுற்றுவட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கும். அதோடு உடைந்த ஓட்டுத் துண்டு. வறண்ட காற்றுள்ள இடத்தில் மட்டையின் பங்கைக் கூட்டலாம், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். மழைக்காலத்தில் செடி நனைந்தே கிடக்கும் இடமானால் கரியும் ஓடும் கூடுதலாக இருக்கட்டும். தொட்டியின் பக்கவாட்டிலும் துளை வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குக் கடையில் விற்கும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். அதிகம் போட்டால் உப்புச் சேர்ந்து வேர் நுனி கருகும். இடம் என்று பார்த்தால் கிழக்கு வெளிச்சம் படும் தாழ்வாரமோ, 50 சதவீத நிழல்வலையின் கீழோ நல்லது. வேப்பமர நிழலில் தொங்கவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும். அதுவரை நிழலில் இருந்த செடி ஒரே வாரத்தில் நேர் வெயிலுக்கு வந்து இலை வெந்துவிடும். ஆர்க்கிட்களில் பல இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளிழுக்கின்றன. ஆகவே கோடையில் அந்தி சாய்ந்ததும் செடியைச் சுற்றியுள்ள தரையையும் சுவரையும் நனைத்தால் இரவுக் காற்று ஈரமாகும். அந்த நேரத்தில் இலையை நனைத்தால் நோய் வரும்.

இந்த இடத்தில் நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்திருந்து பழகிய மாவட்டத்தில் அலங்காரச் செடிக்குத் தண்ணீரா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொட்டிக்கு நாளுக்குக் கால் லிட்டர் என்று தாராளமாகவே வைத்தாலும் ஆண்டுக்கு 90 லிட்டர் சொச்சம். 20 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 200 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை இரண்டு தொட்டிகளின் ஓராண்டுத் தேவையைத் தந்துவிடும். 2003-இல் தமிழக அரசு கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் பல வீடுகளில் குழாய் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பீப்பாய் மட்டும் கூடுதல் செலவு. அதன் வாயை வலைத்துணியால் இறுகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் டெங்கு கொசுவுக்குத் தொட்டில் கட்டிக்கொடுத்ததாகிவிடும். மழைநீரில் சுண்ணாம்பு இல்லாததால் உப்புநீரின் சிக்கலும் இங்கேயே தீர்ந்துவிடுகிறது. இருப்பு தீர்ந்த கோடையில் ஆர்.ஓ. இயந்திரம் வடித்துத் தரும் நல்ல நீரைக் கொடுக்கலாம். வீணாகிறதே என்று அது வெளியே தள்ளும் கழிவுநீரைப் பிடித்து ஊற்றினால், ஊரின் உப்பு முழுவதையும் திரட்டிச் செடிக்குக் கொடுத்ததற்குச் சமம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. மேற்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் செண்பகத்தோப்பு மலையும் அய்யனார் கோயில் காடும் இருக்க, அங்கே மரத்தில் தானாக வளரும் ஆர்க்கிட்டைப் பிடுங்கி வந்தால் ஊருக்கு ஏற்ற செடி இலவசமாகக் கிடைக்குமே? ஊருக்கு ஏற்ற செடி என்ற வாதத்தை ஏற்பவருக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. சட்டம் இதற்கு இடம் தருவதில்லை. அந்தக் காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி அங்கிருந்து செடிகொடிகளை எடுத்துவருவது குற்றம். நாடுகளுக்கிடையே நடக்கும் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாடும் ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இயற்கை இடம் தராது. மரப்பட்டையை இறுகப் பற்றிய வேர் பிய்ந்து வந்தால் செடி அந்த அதிர்ச்சியிலிருந்து மீள்வது அரிது. ஓர் ஆர்க்கிட் காயில் தூசு போன்ற விதைகள் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் இருக்கும்; ஆனால் எந்த விதையிலும் முளைக்கான உணவு கிடையாது. தகுந்த பூஞ்சையின் துணை கிடைத்த விதைதான் முளைக்கும், முளைத்தது பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். மலையிலிருந்து ஒரு செடியைக் கழற்றினால் அதன் இடம் நிரம்பக் காடு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்.

அதே விதையை ஆய்வகத்தில் பூஞ்சை இல்லாமல் முளைக்க வைக்கலாம் என்பதை அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922-இலேயே வெளியிட்டுவிட்டார். சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த அகர் ஊடகம் அதற்குப் போதுமானதாக இருந்தது. 1960-இல் பிரான்சின் ஜார்ஜ் மோரெல் ஆர்க்கிட்டின் முளைநுனித் திசுவிலிருந்து செடிகளைப் பெருக்கிக் காட்டினார். இன்று நர்சரியில் சில நூறு ரூபாய்க்கு டெண்ட்ரோபியம் கிடைப்பது இவ்விருவர் காட்டிய வழியால்தான். பணக்காரர் வீட்டுப் பூ என்ற மூன்றாவது ஆட்சேபத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்தக் காலம் ஆய்வகக் குடுவைகளோடு முடிந்துவிட்டது. மல்லிகையும் அரளியும் செவ்வந்தியும் இருக்க, மணமில்லாத, சரமாகத் தொடுக்க முடியாத பூ எதற்கு என்பாரும் உண்டு. பெரியாழ்வாரின் நந்தவனத்தையும் ஆண்டாள் மாலையையும் பெருமையாகக் கொண்ட ஊர்ப்பக்கம் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கோயிலுக்கும் கூந்தலுக்கும் உரிய இடத்தை மல்லிகையிடமிருந்து யாரும் பறிக்கப்போவதில்லை. மாலையில் பறித்து மறுநாள் வாடும் பூவுக்கு ஒரு பயன், பறிக்காமல் செடியிலேயே ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் பூவுக்கு வேறு பயன். நிலமே இல்லாத வாடகை வீட்டுக்காரர் இரண்டு கம்பி தொங்கும் இடத்தில் வளர்க்கக்கூடிய செடி என்பதும் குறைவான தகுதி அல்ல.

வேறொரு பக்கத்திலிருந்து வரும் ஆசைக்கும் அணை போட வேண்டும். மாடியில் ஆர்க்கிட் வளர்த்து லட்சங்களில் சம்பாதிக்கலாம் என்ற விளம்பரங்களைத் தொடங்குபவர்கள் நம்பக்கூடாது. ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த வெனிலாவின் கதை இதற்குச் சாட்சி. மடகாஸ்கரில் புயலால் விளைச்சல் விழுந்து, 2000-களின் தொடக்கத்தில் விலை விண்ணைத் தொட்டபோது கேரளத்திலும் கர்நாடகத்திலும் நம் பொள்ளாச்சிப் பக்கமும் விவசாயிகள் அவசர அவசரமாக வெனிலாக் கொடி நட்டார்கள். கொடி காய்த்து முடிப்பதற்குள், 2004-க்குப் பிறகு விலை அதலபாதாளத்துக்குப் போனது. கொய்மலர் ஆர்க்கிட் தொழிலுக்குக் கூடாரம், தண்ணீர், குளிர்சாதன வண்டி, தாய்லாந்து விலையோடு போட்டி என்று தனிக் கணக்கு இருக்கிறது. இந்த வறண்ட ஊரில் அந்தக் கணக்கு சுலபத்தில் கட்டாது. இங்கே பேசுவது வீட்டுத் தாழ்வாரத்தில் இரண்டு தொட்டியைப் பற்றி மட்டுமே. அதேபோல, குளிரூட்டிய அறையில் ஃபெலனாப்சிஸைப் பூக்கவைக்க முடியாதா என்று கேட்பவருக்கும் பதில் உண்டு: முடியலாம். ஆனால் குளிரூட்டி காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும், மின்கட்டணமும் ஏறும். ஆசையும் வசதியும் இருப்பவர் செய்து பார்க்கட்டும். அதற்கு எளிது என்ற பெயர் மட்டும் பொருந்தாது.

தேர்வு வளர்ப்பவர் கையில் மட்டும் இல்லை. கடையில் இருப்பதைத்தான் அவர் வாங்க முடியும். இங்கேதான் அரசு செய்யக்கூடிய வேலை இருக்கிறது. வாண்டா டெசெலேட்டா என்ற ஆர்க்கிட் இந்தியா, இலங்கைச் சமவெளிகளின் வறண்ட காடுகளில் இயல்பாக வளர்வது. மஞ்சளும் பழுப்பும் கட்டம்போட்ட இதழும், நீலம் ஓடிய உதடும், நல்ல மணமும் கொண்டது. மணமில்லாத பூ என்ற குறையையும் அதுவே தீர்த்துவைக்கும். அந்த மணத்துக்காகவே வெளிநாட்டுக் கலப்பின வல்லுநர்கள் அதைத் தாய்ச்செடியாகப் பயன்படுத்தி வருகிறார்கள். நம் ஊர் நர்சரியில் மட்டும் அது கண்ணில் படுவதில்லை. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, அரிய ஆர்க்கிட் இனங்களை ஆய்வகத்தில் பெருக்கித் திரும்பக் காட்டில் நட்ட அனுபவம் கொண்டது. சிக்கிமின் பாக்யோங்கில் 1996 முதல் ஆர்க்கிட்டுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அறிவுக்குக் குறைவில்லை, அது சமவெளிக்கு இறங்கி வரவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வாண்டா டெசெலேட்டாவைத் திசு வளர்ப்பில் பெருக்கி, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த பூவாணி போன்ற அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் வழியாகச் சமவெளி மாவட்டங்களில் விற்கலாம். சட்டப்படி வளர்த்த கன்று மலிவாகக் கிடைக்கும் ஊரில் காட்டைத் தேடிப் போகும் ஆசை தானாகக் குறையும். எஸ்.வி.பி.ஆர். பருத்திக்குச் செய்ததையே ஒரு பூச்செடிக்கும் செய்யும்படி கேட்பது பெரிய கோரிக்கை அல்ல.

விற்கும் செடியில் தொங்கும் அட்டையும் மாற வேண்டும். எளிது, கடினம் என்ற சொற்களுக்குப் பதிலாக எத்தனை டிகிரி வரை தாங்கும், பூக்கக் குளிர் வேண்டுமா, எவ்வளவு நிழல், எந்த ஆய்வகத்தில் பெருக்கியது என்ற நான்கு விவரங்களைத் தமிழில் அச்சிட்டாலே போதும். விதைப் பாக்கெட்டில் முளைப்புத்திறனைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கும் நாட்டில், நர்சரிச் செடிக்கு இந்த அளவாவது கேட்கலாம். அது வரும்வரை, வாங்குபவர் வாய்விட்டுக் கேட்பது ஒன்றுதான் வழி. ஆவணி கழிந்து, வெயில் தணிந்து, அடைமழைக்கு முந்திய புரட்டாசி வாக்கில் நர்சரிக்குப் போகலாம். மழைக்கால ஈரத்தில் புதுச் செடி வேர் பிடித்துக் கோடைக்குத் தயாராக ஆறு மாதம் கிடைக்கும். பூவைப் பார்க்கும் முன் வேரைப் பார்க்க வேண்டும்: பருத்து வெளுத்து, நுனி பச்சையாக இருந்தால் உயிருள்ள செடி. பிறகு இரண்டு கேள்விகள். ஆலங்குளத்து வெயிலில் இது பூக்குமா? இது எங்கே பெருக்கிய கன்று? இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்லாத கடையில், பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் காசைக் கொடுக்க வேண்டாம்.